பல் சொல்லும் பழங்கதை

மண்ணச்சநல்லூர் என்றதும் அரிசி ஆலைகள் நினைவுக்கு வரும். அவ்வூரைச் சூழ்ந்து விளைவது நெல். வடக்கே பெரம்பலூர்ப் பக்கம் சென்றால் மானாவாரி நிலங்களில் சோளமும் மக்காச்சோளமும் கதிர் தாங்கி நிற்கும். ஒரு கன்று வைக்கோலைத் தின்றும், மற்றொன்று சோளத்தட்டையைத் தின்றும் வளர்ந்தன என்று கொள்வோம். இரண்டும் மடிந்து பற்கள் மட்டும் எஞ்சினாலும், எது எதைத் தின்றது என்று சொல்லிவிடலாம். எங்ஙனம்?

கரியமில வாயுவில் எடை 12 உள்ள கரியணுக்களே மிகப் பெரும்பாலானவை. எடை 13 உள்ளவை நூற்றுக்கு ஒன்றே. செடிகள் இலேசான அணுவையே விரும்பி ஏற்கும். நெல், மரம், புதர் ஆகியவற்றில் இவ்விருப்பம் மிகுதி. சோளம், கம்பு, கரும்பு, வெப்பநாட்டுப் புற்கள் பலவற்றில் குறைவு. நிலையானதோர் அளவுகோலை நோக்க, முதல் வகையில் கனத்த கரி ஆயிரத்துக்கு ஏறத்தாழ 27 பங்கு குறைந்திருக்கும்; இரண்டாம் வகையில் 13 பங்கே குறைந்திருக்கும். இந்த வேறுபாடு தின்ற விலங்கின் பல்லிலும் பதிந்துவிடுகிறது.

எலும்பை விட்டுப் பல்லை நாடுவானேன்? எலும்பின் நுண்துளைகளில் நிலத்தடி நீர் புகுந்து அதன் இயல்பை மாற்றும். பல்லின் மேலுறையாகிய எனாமலோ உடலிலேயே கடினமானது. மண்ணிற் புதைந்தும் எளிதில் மாறுவதில்லை. அதிற் சில மில்லிகிராம் பொடியை அமிலத்திலிட்டு, எழும் வாயுவின் அணுக்களை எடைவாரியாகப் பிரித்தறிகின்றனர். அதிலுள்ள ஆக்ஸிஜன் அணுக்கள் விலங்கு பருகிய நீரையும், அந்நாளைய வறட்சியையும் மழையையும் குறிப்பாக உணர்த்துகின்றன.

இமயத்தின் அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளில் 1830களில் பால்கனரும் காட்லியும் விலங்குகளின் புதைபடிவங்களைத் திரட்டினர். அதே பாறைத்தொடர் பாகிஸ்தானின் போட்வார் மேட்டுநிலத்திலும் உண்டு. அங்குள்ள பழைய மண்ணும் பற்களும் வேதியியல் முறையில் ஆராயப்பட்டபோது வியத்தகு செய்தி வெளிப்பட்டது. ஏறத்தாழ 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் காடு சுருங்கத் தொடங்கியது. அடுத்த 20 இலட்சம் ஆண்டுகளில் வெப்பநாட்டுப் புல்வெளி பரவியது. புல்லுக்கு மாறிய விலங்குகள் பல பிழைத்தன. காட்டு இலையையும் கனியையுமே நம்பியவற்றுட் பல மறைந்தன. ஒராங்குட்டானின் உறவாகிய சிவபிதிக்கஸ் என்னும் குரங்கும் அவ்வாறே அற்றுப்போயிற்று. நிலம் மாறும்போது உணவு மாற இயலாத உயிர் அழியும் என்பதற்கு அப்பற்களே சான்று.

ஒரு பல் எவ்வளவு பேசும் என்பதை நம் பகுதியிலும் கண்டோம். அரியலூர்ப் பாறைகளில் கிடைத்த ஒரு சிறு பல்லைக்கொண்டு, ட்ரூடாண்டிட் என்னும் டைனசோர் வகை இங்கு வாழ்ந்ததென 2013இல் அறிவித்தனர். எந்த அடுக்கில் கிடைத்தது என்று தெரிந்தால்தான் பல்லின் காலம் தெரியும். காலம் தெரியாத பல் பாதிக் கதையே சொல்லும். ஆதலின் மாணவர்களே, ஓடைக் கரையில் அத்தகைய கல்லைக் கண்டால் பெயர்த்தெடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்ளாதீர்கள். இடத்தைக் குறித்து, அறிந்தவரிடம் அறிவியுங்கள். ஒரு காட்டின் வரலாறே அதனுள் உறங்கிக் கிடக்கலாம்.