மண்டபத்துக்கும் ஒரு வயிறு உண்டு

மீலாத் விழா, தமிழ்த் தினம், பரிசளிப்பு என்று எதற்காகவேனும் ஒரு பழைய மண்டபத்தை வாடகைக்குக் கேட்டால், எங்கள் கரையோர ஊர்களில் முதலில் எழும் கேள்வி, "ஒரு நாளைக்கு இவ்வளவு காசா?" என்பதுதான். அந்தக் காசு எங்கே போகிறது, அதைக் கொடுக்குமுன் நாம் எவற்றைக் கேட்டறிய வேண்டும் என்பதை விளக்க விரும்புகிறேன்.

முதலில் கொழும்பு மருதானையிலுள்ள டவர் மண்டபத்தைப் பார்ப்போம். அது 1911 டிசம்பர் 6ஆம் திகதி சார்ள்ஸ் டயஸின் 'பண்டுகாபய' நாடகத்தோடு திறந்தது. சில ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தது. பின்னர் சினிமா வந்தது, நாடகம் பார்ப்போர் குறைந்தனர், மண்டபமும் படமாளிகையாயிற்று. 1978இல்தான் அது மீண்டும் நாடக அரங்கமானது. அதைப் பராமரிக்க டவர் மண்டப அரங்க மன்றம் அதே ஆண்டில் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டது. ஆட்கள் வராத மேடை தானாக நிலைக்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தலைநகரத்து மண்டபத்துக்கே இந்த நிலை என்றால், சிறிய ஊர் மண்டபத்தின் பாடு சொல்லத் தேவையில்லை. புத்தளக் கரையில் உப்புக்காற்று ஓயாது. கூரைத் தகரமும் ஆணியும் கதவுக் கீலும் துருப்பிடிக்கும். மேடைப் பலகையைக் கறையான் அரிக்கும். மண்டபம் பூட்டிக் கிடந்தாலும் இந்தச் செலவு நிற்பதில்லை. ஆகவே நாம் கொடுக்கும் வாடகை அன்றைய மின்விளக்குக்கு மட்டுமன்று; பூட்டிக் கிடந்த நாட்களுக்கும் சேர்த்துத்தான்.

அதற்காகக் கேட்ட தொகையைக் கண்ணை மூடிக் கொடுக்க வேண்டியதில்லை. ஒத்திகை நேரம் வாடகையில் அடங்குமா? கதிரை, ஒலிபெருக்கி, ஜெனரேட்டர் யாருடையவை? முற்பணத்தில் எவ்வளவு, எப்போது திரும்பக் கிடைக்கும்? துப்புரவு யார் பொறுப்பு? இவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. பொதுமக்களுக்குக் காட்டும் நாடகமாயின், 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி பிரதிக்கு முன்அனுமதி வேண்டுமா என்று விசாரிக்க வேண்டும். டிக்கெட் விற்றால் 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி களியாட்ட வரி பற்றி உள்ளூராட்சி மன்றத்தில் கேட்க வேண்டும்.

பெண்கள் கல்லூரி மாணவி என்ற முறையில் இன்னும் சில கேள்விகளைச் சேர்க்கிறேன். பெண்களுக்குத் தனி வாசல் உண்டா? வுழூச் செய்யவும் தொழவும் இடம் இருக்கிறதா? மேடைக்குப் பின்னால் உடை மாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? மஃரிபுக்கு முன் நிகழ்ச்சி முடிந்து, தூரத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு பஸ் கிடைக்குமா? இந்த வசதிகள் இல்லாவிட்டால் வாப்பாமார் பிள்ளைகளை அனுப்பத் தயங்குவார்கள். உம்மாமார் பார்க்க வரமாட்டார்கள். பிள்ளை பேசுவதை உம்மா கேட்காத விழா பாதி விழாதான். மண்டபத்துக்குப் பொறுப்பானவர்கள் ஒரு தாழ்ப்பாளைப் பொருத்தினாலே, எத்தனையோ பிள்ளைகளுக்கு மேடை திறந்துவிடும்.

செலவு கூடுதலாகத் தெரிந்தால் இரு சங்கங்கள் ஒரே நாளைப் பங்கிடலாம்: காலையில் ஒன்று, அஸருக்குப் பின் மற்றொன்று. ஒலிபெருக்கியும் கதிரையும் ஒருமுறை வந்தால் போதும். இப்படி ஆண்டுக்கு நாலைந்து நிகழ்ச்சிகள் கூடினால், இன்ஷா அல்லாஹ், நம் ஊர் மண்டபங்களின் வயிறும் நிறையும். எங்களுக்குப் பின்னால் வரும் தங்கைமாருக்கும் ஒரு மேடை மிஞ்சும்.