ஸ்ரீ ஒன்று, எண் இரண்டு

இராஜபாளையத்தில் இணையதளம் வடிவமைத்துத் தரும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பால்கோவாக் கடைகளின் முகவரிகளைத் தொகுத்து ஒரு தளம் செய்து கொடுத்தேன். தேடல் பெட்டியில் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று நான் அடித்தால் கடைகள் வரிசையாக வருகின்றன. தளத்தின் சொந்தக்காரர் தன் போனில் அடித்தால் ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்கிறது. இரண்டு திரைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன், ஓர் அட்சரம் பிசகவில்லை. சர்வரை மாற்றச் சொல்கிறார் ஒருவர். ஏஐ தேடல் போடுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?”

இரண்டையும் செய்ய வேண்டாம். சர்வர் பாவம், அதற்குக் கொடுத்த வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. ஏஐ ஆசாமியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு சோதனை. தேடல் பெட்டியில் ‘ஸ்ரீ’ என்று மட்டும் அடித்து, அதன் வலப்பக்கம் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒருமுறை தட்டுங்கள். பெரும்பாலான இடங்களில் முழு எழுத்தும் போகாது. நெடில் குறி மட்டும் கழன்று, உள்ளே ஒளிந்திருந்தவர்கள் வெளியே வருவார்கள். உங்கள் கணினியில் ‘ஸ்ர’ என்று வந்திருக்கும். சொந்தக்காரரின் போனிலும் இதையே செய்யுங்கள். அங்கே ‘ஶ்ர’ என்று நிற்க வாய்ப்பு அதிகம். அதுதான் ஆள்.

யூனிகோடு ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தருகிறது என்பது இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்குத் தெரிந்ததே. ஆனால் ஸ்ரீ என்ற எழுத்துக்குத் தனி எண் கிடையாது. நான்கு எண்களைக் கோத்துத்தான் அதை உண்டாக்க வேண்டும். ஸ (3000), புள்ளி (3021), ர (2992), ஈகாரக் குறி (3008). இந்த நான்கும் இதே வரிசையில் வந்தால், எழுத்துருக் கோப்புக்குள் இருக்கும் மாற்று அட்டவணை ‘நால்வரையும் எடுத்துவிட்டு இந்த ஒரு படத்தைப் போடு’ என்கிறது. நாம் பார்ப்பது அந்தப் படத்தை. சிக்கல் என்னவென்றால், அதே படத்துக்குப் போகும் இன்னொரு வரிசையும் உண்டு. முதல் எண் 3000 என்பதற்குப் பதில் 2998, அதாவது ஶ. மீதி மூன்றும் அதே. சந்தேகம் இருந்தால் ஒரு வெற்றுப் பக்கத்தில் ஸ்ரீ என்று ஒரு வரியும் ஶ்ரீ என்று மறு வரியும் எழுதி பிரவுசரில் திறந்து பாருங்கள். இரட்டைப் பிள்ளைகள்.

இரண்டு வழி எப்படி வந்தது? வரலாறு எனக்கு அலுப்பூட்டும் விஷயம், ஒரே பத்தியில் முடித்துவிடுகிறேன். 1980களில் இந்திய மொழிகளுக்கென இஸ்கி என்ற குறியீட்டு முறை வந்தது. 1991இல் வந்த யூனிகோடு அதன் 1988ஆம் ஆண்டு வடிவத்தைப் பின்பற்றி இந்திய எழுத்துகளை அடுக்கியது. இஸ்கியின் அடிப்படை எண்ணம், எல்லா இந்திய எழுத்துகளுக்கும் ஒரே இருக்கை வரிசை என்பது. தமிழுக்குள் நடந்த டாம், டாப், டிஸ்கி குறியீட்டுச் சண்டைகள் தனிக்கதை. அவற்றுக்கும் நம் வாசகரின் தேடல் பெட்டிக்கும் சம்பந்தமில்லை.

இருக்கை வரிசை என்றேன் அல்லவா, அதில்தான் சுவாரசியமே. மொழிக்கு ஒன்றாகப் பல டவுன் பஸ்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எல்லாவற்றிலும் 128 இருக்கைகள். இன்ன ஒலிக்கு இன்ன இருக்கை என்பது எல்லா பஸ்ஸிலும் பொது. தேவநாகரி பஸ் 2304இல் தொடங்குகிறது. தமிழ் பஸ் 2944இல். ‘ஶ’ ஒலிக்கு உரியது 54ஆம் இருக்கை, ‘ஸ’வுக்கு 56. கூட்டிப் பார்த்தால் தேவநாகரியில் 2358, 2360. தமிழில் 2998, 3000. வங்காளம், தெலுங்கு, மலையாளம் எல்லாவற்றிலும் 54இல் ஆள் உட்கார்ந்திருந்தார். தமிழ் பஸ்ஸில் மட்டும் அது காலி. தமிழில் இல்லாத ஒலிகளுக்கான பல இருக்கைகளைப் போல இதிலும் யாரும் ஏறவில்லை. ஜன்னல் வழியாகத் துண்டு மட்டும் போட்டு வைத்திருந்தார்கள்.

ஆனால் ஸ்ரீ என்ற கூட்டெழுத்தின் பிறப்பைப் பார்த்தால் அது கிரந்த ஶவும் ரீயும் சேர்ந்தது. துண்டுக்குச் சொந்தக்காரர் இல்லாமல் ஸ்ரீயை எப்படி எழுதுவது? இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்த ஸவைக் கூப்பிட்டு, ‘நீயே கொஞ்சம் நின்றுகொள்’ என்றார்கள். அவரும் நின்றார். ஒரு வருஷம், இரண்டு வருஷம் இல்லை, பதினான்கு வருஷம். 2005இல் யூனிகோடு 4.1 பதிப்பு வந்தபோது ஶ ஒருவழியாக பஸ் ஏறித் தன் துண்டை எடுத்துவிட்டு 2998இல் அமர்ந்தார். (அதே ஆண்டு ஜனவரியில்தான் இராஜபாளையம் நாய்க்கு அஞ்சல்தலை வந்தது. ஊருக்கு நல்ல வருஷம்.) இனி ஸ்ரீயை ஶவை வைத்துத்தான் எழுத வேண்டும் என்று ஆயிற்று. அதற்குள் ஸவுக்கு எத்தனையோ டிக்கெட் கிழித்தாகிவிட்டது. கல்யாணப் பத்திரிகை, கோயில் தளம், பத்திரிகைக் காப்பகம் எல்லாவற்றிலும் 3000. கொடுத்த டிக்கெட்டைத் திரும்பப் பிடுங்க கண்டக்டருக்கு அதிகாரமில்லை. ஆக, இரண்டு பேரும் ஒரே டிக்கெட்டில் பயணிக்கிறார்கள். இந்த உவமையை இதற்கு மேல் ஓட்டினால் பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிற்காமல் கிருஷ்ணன்கோவிலுக்குப் போய்விடும்.

இங்கே கொஞ்சம் விவரமானவர்கள் குறுக்கிடுவார்கள்: “நார்மலைசேஷன் என்று ஒன்று இருக்கிறதே, அதைப் போட்டால் போதாதா?” போதாது. ஏன் போதாது என்பதுதான் எனக்கு இந்த விவகாரத்திலேயே மிகவும் பிடித்த இடம். ‘கொ’வை எடுத்துக்கொள்ளுங்கள். அதையும் இரண்டு விதமாக அடிக்கலாம். கவோடு ஒகரக் குறி (3018) ஒன்றைப் போடலாம், அல்லது கொம்பும் காலும் (3014, 3006) தனித்தனியாகப் போடலாம். ஆனால் 3018 என்ற எண்ணுக்கு எதிரே ‘இவர் 3014, 3006 இருவரின் கூட்டு’ என்று யூனிகோடு பதிவேட்டிலேயே எழுதியிருக்கிறது. நார்மலைசேஷன் என்பது அந்தப் பதிவேட்டைப் பார்த்துப் பிரித்துச் சேர்க்கும் வேலை. கொவை அது நொடியில் சரிசெய்துவிடும். ஸ்ரீக்கோ தனி எண்ணே இல்லை. எண் இல்லாதவருக்குப் பதிவேட்டில் எதிரே எதை எழுதுவது? ஶவும் ஸவும் தனித்தனி எழுத்துகள். ‘2998 என்றால் 3000தான்’ என்றும் எழுத முடியாது. இரு வரிசைகளையும் ஒன்றாகவே நடத்துவது நல்லது என்று யூனிகோடு நூலில் பரிந்துரை இருக்கிறது. பரிந்துரைதான், விதி அல்ல. அதை நிறைவேற்றுவது உங்களைப் போன்ற நிரலெழுதுபவர்கள் தலையில் விழுகிறது.

தமிழ்99 விசைப்பலகையில் ஸ்ரீக்கென்று தனி விசையே உண்டு. ஒரு தட்டு, நான்கு எண்கள். ஆனால் முதல் எண் எது என்பது அந்தச் செயலியை எழுதியவர் எடுத்த முடிவு. அடிப்பவருக்குத் தான் எதை அடித்தோம் என்பதே தெரியாது.

இராஜபாளையத்துக்கும் பெயர்த் தொல்லை இல்லாமல் இல்லை. சிலர் இ போட்டு எழுதுகிறார்கள், சிலர் போடாமல் எழுதுகிறார்கள். பக்கத்து ஊரையே திருவில்லிபுத்தூர் என்று எழுதுபவர்களும் உண்டு. ஆனால் இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடுகள். தெரிந்தவர் மாற்றி அடித்துப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாததைத் தேடி யார் மாற்றி அடிப்பார்கள்?

சரி, மருந்து. தளத்தில் மக்கள் பார்க்கும் பெயர்களைத் தொடாதீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் தேடலுக்கென்று மறைவான ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சேமிக்கும்போது முதலில் நார்மலைஸ் செய்து, பிறகு 2998, 3021, 2992, 3008 என்ற நான்கும் இதே வரிசையில் வந்தால் முதல் எண்ணை மட்டும் 3000 ஆக்குங்கள். தேடுபவர் அடித்த சொல்லுக்கும் இதே வேலையைச் செய்துவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் செய்துவிட்டு மறுபக்கம் மறந்துபோவதுதான் வழக்கமாக நடக்கிற தப்பு. நானும் செய்திருக்கிறேன், ஒரு மாலை முழுதும் போயிற்று. இன்னொன்று, கண்ட இடத்திலெல்லாம் ஶவை ஸ ஆக்கிவிடக் கூடாது. ஸ்தோத்திரப் புத்தகம் போடுபவர்கள் ஶவைத் தெரிந்தே எழுதுகிறார்கள். அவர்கள் சண்டைக்கு வருவார்கள், நியாயமாகவே.

இலக்கணப்படி ஶ சரி என்றால் ஏன் 3000 பக்கம் சாய்கிறேன்? புது வரிசைக்கான மாற்று அட்டவணை இல்லாத பழைய எழுத்துருக்களில் ஶவை வைத்து எழுதிய ஸ்ரீ துண்டு துண்டாக உடைந்து தெரியும். மறைவான நகலுக்கு இது பொருட்டல்ல என்பது உண்மைதான். ஆனால் நகல் எப்போதாவது வெளியே கசியும். அப்போது முழுசாகத் தெரியட்டும்.

இதே ஜாதிச் சிக்கல்கள் இன்னும் சில உண்டு. ‘கௌ’வின் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் போட்டு ‘கெள’ என்று அடிப்பது, க என்ற எழுத்துக்குப் பதில் ஒன்று என்ற தமிழ் எண்ணான ௧ வந்து உட்கார்வது. பேக்ஸ்பேஸ் சோதனை முதலாவதையும் காட்டிக்கொடுக்கும். இரண்டாவதற்கு அந்த எழுத்தை எண்ணாக மாற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இப்போது ஏஐ ஆசாமி. அவர் விற்பது முழுப் புளுகு அல்ல. பொருளை வைத்துத் தேடும் கருவிகளில் பல, இரு ஸ்ரீயையும் அருகருகே கொண்டுவந்துவிடக்கூடும். ஆனால் நான்கு எண்களில் ஒன்றை மாற்ற மூன்று வரி நிரல் போதும் என்கிற இடத்தில் மாதாமாதம் பணம் கட்டுவது, கொசுக்கடிக்கு ஸ்கேன் எடுப்பது போல. எதனால் கிடைத்தது என்று அவருக்கே தெரியாது. ஒருநாள் கிடைக்காமல் போனால் ஏன் என்றும் தெரியாது.

வாசகர் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கடைப் பக்கங்களின் இணைய முகவரிகளில் ஊர்ப்பெயரைத் தமிழிலேயே வைத்திருந்தால், அங்கேயும் இரு ஸ்ரீயும் இரு வேறு முகவரிகள். ஒன்றில் கடை இருக்கும், மற்றதில் 404 இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த சரக்கு. பெட்டியில் கியூஆர் கோடு போட்டிருக்கும் கடைகளும் இருக்கலாம். தளத்தில் முகவரியை மாற்றலாம், அச்சடித்த பெட்டியில் மாற்ற முடியாது. பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திசைதிருப்பல் ஒன்று போட்டு, பெட்டிகள் தீர்ந்துவிட்டனவா என்று கடைக்காரரிடம் கேட்ட பிறகே எடுங்கள். பெட்டியை ஆயிரக்கணக்கில்தான் அடிப்பார்கள், நாளாகும்.