எல்லைக்கோடும் பயணக்கோடும்: வெள்ளானூரை முன்வைத்துப் பொதுப் போக்குவரத்து நிதி குறித்த ஒரு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பொதுப் போக்குவரத்தை மேம்படுத்த வழங்கப்படும் நிதி, எதனை எண்ணி அளக்கப்படுகிறதோ அதனையே பெருக்குகிறது. 2009 முதல் இந்திய நகரப் போக்குவரத்து நிதியின் அளவுகோல் பேருந்து, நிறுவன விளைவு, ஓடிய கிலோமீட்டர் என மாறி வந்துள்ளது. சென்னையின் மேற்குப் புறநகரிலுள்ள வெள்ளானூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்மாற்றத்தை இக்கட்டுரை விளக்குகிறது. பயணியின் முழுப் பயணமே அடுத்த அளவுகோலாக அமைய வேண்டும் என்பது இதன் முடிபாகும்.

குறிச்சொற்கள்: பொதுப் போக்குவரத்து, நல்கை, வெள்ளானூர், ஆவடி, சென்னைப் பெருநகரப் பகுதி

1. முன்னுரை

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆவடிக்கு வடக்கே அமைந்துள்ள ஊர் வெள்ளானூர். இவ்வூரிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்லும் ஒருவர் பேருந்திலோ ஷேர் ஆட்டோவிலோ ஆவடியை அடைகிறார், அங்கு மின்தொடர்வண்டி ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்குகிறார், பின்பு நடக்கிறார். அவருக்கு இது ஒரே பயணம். நிர்வாகத்துக்கோ இது மூன்று துண்டுகள்: பேருந்து மாநில அரசின் மாநகர் போக்குவரத்துக் கழகத்தைச் சார்ந்தது, தொடர்வண்டி ஒன்றிய அரசின் தெற்கு ரயில்வேயைச் சார்ந்தது, ஷேர் ஆட்டோ தனியாருடையது. பேருந்து பத்து நிமிடம் பிந்தினால் தொடர்வண்டி தவறும். தொடர்வண்டி தவறினால் வேலை நேரம் தவறும். இந்த இழப்பு எந்த நிறுவனத்தின் கணக்கிலும் பதிவாவதில்லை.

2. நல்கை, கடன், மானியம்

இம்மூன்று சொற்களும் பொதுவழக்கில் கலந்து வழங்குகின்றன. குறித்த ஒரு நோக்கத்துக்காகத் திருப்பிச் செலுத்த வேண்டாத வகையில் தரப்படுவது நல்கை. வளர்ச்சி வங்கிகள் தருவது பெரும்பாலும் கடன். கட்டணக் குறைவை ஈடுசெய்யத் தொடர்ந்து வழங்கப்படுவது மானியம். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்கு நடைமுறையிலுள்ள கட்டணமில்லாப் பயணத்துக்காகத் தமிழ்நாடு அரசு கழகங்களுக்கு ஈடுசெய்யும் தொகை மானியத்தின்பாற்படும். நல்கை புதிய சேவையைத் தொடங்கி வைக்கும்; அதனை நிலைக்கச் செய்வது மானியம். ஒன்றிருந்து மற்றொன்று இல்லாதபோது புதிய வண்டிகள் பணிமனையிலேயே நிற்க நேரிடும்.

3. பேருந்தை எண்ணிய நிதி

2005 டிசம்பரில் தொடங்கப்பட்ட ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டம், 2009இல் பேருந்து வாங்குவதற்கும் விரிவாக்கப்பட்டது. 40 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு ஒன்றிய அரசு 35 விழுக்காடும் மாநில அரசு 15 விழுக்காடும் அளித்தன. எஞ்சிய பாதியைச் செயல்படுத்தும் அமைப்பு திரட்ட வேண்டியிருந்தது. இங்கு அளவுகோல் வாங்கப்பட்ட பேருந்துகளின் எண்ணிக்கையே. அவை எவ்வழியில், எந்நேரத்தில் ஓடின என்பது நிதியைத் தீர்மானிக்கவில்லை.

ஆயினும் அந்நல்கை ஒரு நிபந்தனையையும் உடன் கொண்டிருந்தது. பெருநகரங்கள் ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்தை அமைக்க வேண்டும் என்பதே அது. 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும் இதனையே வலியுறுத்தியது. இப்பின்புலத்தில் தமிழ்நாட்டில் 2010இல் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் குழுமத்தின் முதல் கூட்டம் 2022 நவம்பர் 17 அன்றுதான் நடைபெற்றது. சட்டத்துக்கும் கூட்டத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 ஆண்டுகள் கழிந்தன. ஒரு நிபந்தனையைத் தாளில் நிறைவேற்றுவதற்கும் நடைமுறையில் நிறைவேற்றுவதற்கும் உள்ள தொலைவை இது காட்டுகிறது.

4. விளைவை எண்ணும் நிதி

மேற்கண்ட குறையை நோக்கி எழுந்ததே விளைவுசார் நிதிமுறை. 2021 செப்டம்பரில் உலக வங்கி, சென்னைப் பெருநகரக் கூட்டாண்மைத் திட்டத்துக்கு 15 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. இம்முறையில் முன்கூட்டி ஒப்புக்கொண்ட விளைவுகள் எய்தப்பட்டமை சரிபார்க்கப்பட்ட பின்னரே தொகை விடுவிக்கப்படும். பேருந்துச் சேவையில் மொத்தச் செலவு ஒப்பந்தத்தைப் புகுத்துவது இத்திட்டத்தின் கூறுகளுள் ஒன்று. தனியார் நிறுவனம் வண்டியை இயக்கி ஓடிய தூரத்துக்கான தொகையைப் பெறும். கட்டண வருவாய் மாநகர் போக்குவரத்துக் கழகத்தைச் சேரும். 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடியில் தொடங்கி வைக்கப்பட்ட 120 தாழ்தள மின்பேருந்துகள் இம்முறையில் இயங்குபவை. கூட்டமில்லாத தடத்தில் ஓடினாலும் இயக்குபவருக்கு இழப்பில்லை என்பதால், புறநகர்த் தடங்களுக்கு இம்முறை ஏற்றதே. ஆனால் அத்தடத்தைத் தேர்வதும் பற்றாக்குறையை ஏற்பதும் அரசின் பொறுப்பாகின்றன.

5. கிலோமீட்டரை எண்ணும் நிதி

2023 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமரின் இ-பஸ் சேவா திட்டம் 10,000 மின்பேருந்துகளை இலக்காகக் கொண்டது. மதிப்பீடு 57,613 கோடி ரூபாய்; அதில் ஒன்றிய அரசின் பங்கு 20,000 கோடி. இதன் புதுமை, வண்டி வாங்குவதற்கன்றி 10 ஆண்டுகள் அதனை ஓட்டுவதற்கு நிதியளிப்பதில் உள்ளது. 12 மீட்டர் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 24 ரூபாயும், 9 மீட்டருக்கு 22 ரூபாயும், 7 மீட்டருக்கு 20 ரூபாயும் வழங்கப்படுகின்றன.

ஆனால் தகுதி வரையறுக்கப்படுவது நகரின் மக்கள்தொகையால்: 3 இலட்சம் முதல் 40 இலட்சம் வரை. சென்னை மாநகராட்சி மேல்வரம்பைக் கடந்து நிற்கிறது. வெள்ளானூர் போன்ற ஊராட்சியோ கீழ்வரம்புக்கு வெகு தொலைவில் உள்ளது. நாள்தோறும் எல்லையைக் கடந்து செல்லும் பயணியை எந்த எல்லைக்குள் எண்ணுவது என்னும் வினா எஞ்சுகிறது.

6. பயணத்தை எண்ணுதல்

வெள்ளானூர்ப் பகுதியில் பெரிய கட்டமைப்புகளுக்குக் குறைவில்லை. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை 2014, 2021 ஆகிய ஆண்டுகளில் இரு கட்டங்களாகத் திறக்கப்பட்டது. அதன் 122 மீட்டர் அகலத்தில் 22 மீட்டர் எதிர்காலப் பொதுப் போக்குவரத்துக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. கோயம்பேட்டிலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை 21.76 கிலோமீட்டர் மெட்ரோ வழித்தடத்துக்கான விரிவான திட்ட அறிக்கை 2025 பிப்ரவரியில் மாநில அரசிடம் அளிக்கப்பட்டது. இத்தடம் உருவானாலும் வெள்ளானூர்ப் பயணி அதனை எட்ட ஓர் இணைப்பு வண்டி வேண்டும். பெருந்திட்டத்தின் பயன், அதன் விளிம்பில் ஓடும் சிறுவண்டியைப் பொறுத்தது.

இத்தகைய இணைப்புகளைச் சோதித்துப் பார்ப்பதற்கெனவே சிறு நல்கை தருவதற்கு முன்மாதிரி உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சிப் போக்குவரத்து நிர்வாகம் 2016இல் 11 திட்டங்களுக்கு ஏறத்தாழ 80 இலட்சம் டாலர் வழங்கியது. போக்குவரத்து அமைப்புகள் தொழில்நுட்ப நிறுவனங்களுடன் கைகோத்து, நிலையத்துக்கு வந்துசேரும் முதல், கடைசித் தொலைவுக்கான தீர்வுகளைச் சோதித்தன. முடிவுகளைத் தனி ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். தொகை சிறிது, தோல்வியும் பாடமாகும் என்பதே அதன் அடிப்படை.

சென்னையில் இதற்கான கருவிகள் இன்று உள்ளன. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. பேருந்து, மெட்ரோ, புறநகர்த் தொடர்வண்டி ஆகியவற்றை ஒரே பயணச்சீட்டில் இணைக்கும் ‘சென்னை ஒன்று’ செயலியை ஒருங்கிணைந்த குழுமம் 2025 செப்டம்பர் 22 முதல் வழங்குகிறது. துண்டுகளாக இருந்த பயணம் ஒரே பதிவாகும்போது, எங்கு எவ்வளவு நேரம் காத்திருக்க நேர்கிறது என்பதையும் அளக்க இயலும்.

7. முடிவுரை

பேருந்தை எண்ணிய நிதி வண்டியைத் தந்தது. விளைவை எண்ணும் நிதி நிறுவனத்தை இயக்கியது. கிலோமீட்டரை எண்ணும் நிதி ஓட்டத்தை உறுதிசெய்கிறது. இம்மூன்றும் தேவையானவையே. எனினும் இவற்றுள் எதுவும் வெள்ளானூர்த் தொழிலாளி நேரத்துக்குப் பட்டரவாக்கம் சேர்ந்தாரா என்று கேட்பதில்லை. ஆதலின் ஒருங்கிணைந்த குழுமத்தின்வழி, ஊராட்சிகளையும் உள்ளடக்கி, முழுப் பயண நேரத்தையும் இணைப்பின் நம்பகத்தையும் அளவுகோலாகக் கொண்ட சிறு நல்கைகள் வழங்கப்படுதல் வேண்டும். நிதியின் எல்லைக்கோடு பயணியின் பயணக்கோட்டைத் தொடரும்போதுதான் புறநகர், நகரத்தின் ஒரு பகுதியாகும்.