ஐந்தே படம்!

ஐந்தே படம். ஐந்தும் 'சிறந்த படம்' ஆஸ்கார் நாமினேஷனில் இடம்பிடித்தன. மூன்று, பரிசையே தட்டிக்கொண்டு வந்தன. இந்த பாலன்ஸ் ஷீட்டைப் பார்த்தால் பெரிய ஸ்டார்களுக்கே வயிறு எரியும். ஆசாமி பெயர் ஜான் கஸால்.

பெயர் தெரியாவிட்டாலும் ஆளைப் பார்த்திருப்பீர்கள். 'காட்ஃபாதர்' (1972) படத்தில் மார்லன் பிராண்டோவைச் சுடும்போது, துப்பாக்கியைத் தவறவிட்டு, பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழும் மகன் ஃப்ரெடோ. அவரேதான்!

பிறந்தது 1935-ல். நாடகம் சோறு போடாத நாட்களில் நியூயார்க்கில் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியில் மெசஞ்சர் வேலை. கூடவே தபால் தூக்கிய இன்னொரு பையன் பெயர் அல் பசினோ!

1968-ல் இஸ்ரேல் ஹோரோவிட்ஸ் எழுதிய நாடகத்தில் பசினோ ரவுடி. கஸால்? மகனைத் தேடி வந்து வழி தெரியாமல் விழிக்கும் குப்தா. சாட்சாத் நம்ம இந்தியர். இங்கிலீஷ் தெரியாது, இந்திதான்! இருவருக்குமே ஓபி விருது. முதல் முழுநீளப் படம் வெளியானபோது கஸாலுக்கு வயசு 36.

ஆபீஸில் நம்மைத் தாண்டி ஜூனியருக்கு புரமோஷன் கொடுத்தால் எப்படி இருக்கும்? 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்தில் (1974) ஃப்ரெடோவின் கதை அதுதான். பதவி தம்பி பசினோவுக்கு. சாய்வு நாற்காலியில் சரிந்து கிடந்தபடியே அண்ணன் குமுறும்போது, செய்தது துரோகம் என்று தெரிந்தும் நமக்குக் கோபம் வராது. பாவமாக இருக்கும்.

'டாக் டே ஆஃப்டர்நூன்' (1975) படத்தில் பாங்க் கொள்ளை. எந்த நாட்டுக்குத் தப்பிக்கலாம் என்று கூட்டாளி பசினோ கேட்க, கஸால் சீரியஸாக "வயோமிங்" என்கிறார். அது அமெரிக்காவிலேயே ஒரு மாநிலம் சார்! ஸ்கிரிப்டில் இல்லாத பதில் அது.

1976-ல் ஷேக்ஸ்பியர் நாடகமொன்றில் கூட நடித்த மெரில் ஸ்ட்ரீப்புடன் காதல். மறு வருஷமே நுரையீரலில் புற்றுநோய். 'டியர் ஹன்டர்' கம்பெனி தயங்கியது. டைரக்டர் சிமினோ இவர் காட்சிகளை முதலில் எடுத்து முடித்தார். 1978 மார்ச்சில் கஸால் இறந்தார். வயசு 42. படம் வந்தது டிசம்பரில். கடைசிவரை பக்கத்தில் இருந்தவர் மெரில்.

அந்த ஐந்து படங்களில் பிராண்டோ, டி நிரோ, வாக்கன் மூவரும் ஆஸ்கார் வாங்கினார்கள். கஸாலுக்கு ஒரு நாமினேஷன்கூடக் கிடையாது. ஆனால் நடிப்பை இவரிடம் கற்ற அளவுக்கு வேறு யாரிடமும் கற்கவில்லை என்று சொன்னவர் யார் தெரியுமா? தபால் தூக்கிய அதே பசினோ!

அடுத்த தடவை 'காட்ஃபாதர்' பார்த்தால் ஹீரோவைக் கொஞ்சம் விட்டுவிட்டு, ஓரத்தில் நிற்பவரைக் கவனியுங்கள்.