ஒரு நாள் பேரும் ஒரு போனும்: தொலைமருத்துவ ஆய்வுக்குக் காசு எங்கே?

இரத்தினபுரிப் போதனா வைத்தியசாலையில் நோயாளரைப் பார்க்கக் காசு வாங்குவதில்லை. ஆனாலும் இறக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பிரஷர் கிளினிக்குக்கு வரும் ஒரு அம்மாவுக்கு அந்த இலவச வைத்தியம் இலவசமாக முடிவதில்லை. விடியுமுன் லயத்திலிருந்து இறங்கி, பஸ் பிடித்து, நம்பர் எடுத்து, மருந்துக்கு இன்னொரு வரிசையில் நின்று வீடு திரும்பும்போது அன்றைய பேரு, அதாவது அன்றைய நாட்சம்பளம், போயிருக்கும். 2024 செப்டெம்பர் வர்த்தமானி ஒரு பேருக்கு ஆகக் குறைந்த சம்பளத்தை 1,350 ரூபா என்று வைத்தது. அதோடு பஸ் காசு. சிங்களத்தில் நோயைச் சொல்லத் தெரியாதவர் என்றால் துணைக்கு ஒருவர் வேண்டும். அவருடைய பேரும் சேர்ந்து போகும்.

தொலைமருத்துவம் வந்தால் இந்தச் செலவு குறையும் என்கிறார்கள். குறையுமா என்பதை யாராவது தோட்டத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அப்படிப் பார்க்க நினைக்கும் பல்கலைக்கழக மாணவருக்கு, முக்கியமாகத் தோட்டத்திலிருந்தே படிக்கப் போன பிள்ளைக்கு, பணம் எந்த வழியில் வரும் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

தொலைமருத்துவம் என்றால் போன் திரையில் டாக்டரின் முகம் தெரிவது என்றுதான் பலரும் நினைக்கிறோம். காசு கட்டி அப்படிப் பேசும் செயலிகள் நாட்டில் உண்டு. தோட்டத்துக்குப் பொருந்துவது வேறொரு வகை. நோயாளர் எப்போதும்போல டிஸ்பென்சரிக்கு வருவார். அங்கிருக்கும் தோட்ட வைத்திய உதவியாளரோ (தோட்டத்தில் அவரைத்தான் டாக்டர் என்பார்கள்) மருத்துவிச்சியோ பிரஷர் பார்த்து, புண்ணைப் படமெடுத்து, ஆஸ்பத்திரியில் இருக்கும் வைத்தியருக்கு அனுப்பி யோசனை கேட்பார். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் கிராமங்களில் திறந்துவரும் பார்வை மையங்கள் நடப்பது இப்படித்தான்: மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிப்பார், நகரத்து மருத்துவர் இணையவழியில் பார்த்து முடிவு சொல்வார். தெரணியகலைப் பள்ளத்தில் சிக்னல் விட்டு விட்டு வந்தாலும் படம் போய்ச் சேர்ந்துவிடும். பதிலுக்குக் கொஞ்சம் காத்திருக்கலாம். எழுத்துத் தெரியாதவர் திரையைத் தொடவும் வேண்டியதில்லை.

இனிப் பணம். இலங்கையில் ஆய்வுப் பணத்துக்கு மாணவர் தன் பெயரில் விண்ணப்பிக்கும் வழி மிகக் குறைவு. இது தெரியாமல் மாதக்கணக்கில் அலைகிறவர்கள் உண்டு. தேசிய விஞ்ஞான மன்றமும் தேசிய ஆராய்ச்சிச் சபையும் தரும் ஆய்வு மானியங்களுக்குப் பொதுவாக விரிவுரையாளரோ நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் ஆய்வாளரோதான் விண்ணப்பிப்பார். மானியம் கிடைத்தால் அதிலிருந்து ஆய்வு உதவியாளர் ஒருவருக்குச் சம்பளம் வரும். அந்த உதவியாளரே எம்.பில். பட்டத்துக்கோ கலாநிதிப் பட்டத்துக்கோ பதிந்துகொள்வார். மாணவரின் பணம் என்பது பெரும்பாலும் இந்தச் சம்பளம்தான். ஆகவே நிதி தேடுவது என்றால் முதலில் மேற்பார்வையாளரைத் தேடுவது.

சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் இதற்கு இன்னொரு சிக்கல் உண்டு. வைத்தியபீடம் இரத்தினபுரியில். கணினி படிப்பிப்பவர்கள் பலாங்கொடைக்கும் அப்பால் பெலிஹுல்ஓயாவில். தொலைமருத்துவ ஆய்வுக்கு இரண்டு பக்கத்து ஆளும் தேவை. வைத்தியர் இல்லாமல் கணினி மாணவர் மட்டும் போட்ட திட்டத்தில் செயலி அழகாக இருக்கும், நோயாளர் இருக்க மாட்டார். இரு இடத்திலும் ஒவ்வொரு மேற்பார்வையாளரைப் பிடித்துக் கொண்டு எழுதுவது நல்லது.

மஹாபொல உதவித்தொகையும், தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் வழியே வரும் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியப் புலமைப்பரிசிலும் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் உரியவை. அவற்றை ஆய்வுப் பணம் என்று எண்ணிவிடக் கூடாது. உலக வங்கிக் கடனில் 2017இல் தொடங்கிய உயர்கல்வித் திட்டம் பல்கலைக்கழகங்களுக்கு ஆய்வு மானியம் கொடுத்தது. அந்தத் திட்டம் முடிந்துவிட்டது. முதுகலைக்கும் கலாநிதிப் படிப்புக்கும் பொதுநலவாயப் புலமைப்பரிசில் உண்டு. அதில் கலாநிதிப் படிப்பை இங்கே செய்துகொண்டே ஒரு வருடம் வரை பிரித்தானியாவில் இருக்கும் பிரிவும் இருக்கிறது. தோட்டத்தில் தகவல் திரட்ட வேண்டியவருக்கு அது வசதி.

வெளிநாட்டுப் பணம் மாணவரிடம் போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஆபிரிக்கா நல்ல எடுத்துக்காட்டு. தென்னாபிரிக்காவில் நிறவெறி ஆட்சி 1994இல் முடிந்த பின், கேப் டவுன் பக்கத்துக் கிளினிக்குகளின் கணக்கை ஒழுங்குபடுத்தச் சிறிய மென்பொருள் ஒன்று உருவானது. ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தாரும் அதில் தொடக்கத்திலிருந்தே இருந்தார்கள். நோர்வேயின் உதவியோடு மொசாம்பிக், எத்தியோப்பியா, மலாவி மாணவர்கள் கலாநிதிப் பட்டத்துக்காகத் தத்தம் நாட்டிலேயே அதை வைத்து ஆராய்ந்தார்கள். இன்றைக்கு டி.எச்.ஐ.எஸ்.2 என்று அது எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஓடுகிறது. கொழும்புப் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் வைத்தியர்களுக்கு மருத்துவத் தகவலியல் முதுகலை தொடங்கியபோதும் ஒஸ்லோவின் தொடர்பு இருந்தது. அந்தப் படிப்பும் தொடர்பும் உள்ள இலங்கைக் குழு 2020 ஜனவரியில், விமான நிலையத்தில் வந்திறங்குவோரைப் பின்தொடர டி.எச்.ஐ.எஸ்.2இல் ஒரு கொவிட் பதிவு முறையைக் கட்டியது. ஆபிரிக்க நாடுகள் பலவும் பின்னர் அதன் வழியில் தங்கள் முறைகளை அமைத்துக்கொண்டன. இருபது வருடப் பழைய மாணவர் நிதிக்கு இப்படி ஒரு பலன் வருமென்று அப்போது எந்த விண்ணப்பத்திலும் எழுதியிருக்க முடியாது.

நம் பக்கத்திலும் ஒரு முன்கதை உண்டு. கனடாவின் சர்வதேச அபிவிருத்தி ஆராய்ச்சி மையம் கொடுத்த பணத்தில், 2008ஐ ஒட்டிய வருடங்களில் லேர்ன்ஏஷியா என்ற ஆய்வு அமைப்பும் சர்வோதயமும் சென்னை ஐஐடியும் சேர்ந்து குருநாகல் மாவட்டத்திலும் தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு சோதனை நடத்தின. சாதாரண போனில் நோய்த் தகவலைப் பதிந்து, கணினி மூலம் கொள்ளை நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்தார்கள். போன் வேலை செய்தது. கடினமாக இருந்தது, ஏற்கெனவே பதிவேடு நிரப்பிக்கொண்டிருந்த ஊழியருக்கு இன்னொரு பதிவும் சேர்ந்ததுதான். திட்டப்பணம் முடிந்தபின் அதை யார் நடத்துவது என்பதும் கேள்வியானது. தோட்டத்தில் இறங்கப்போகிற மாணவர் இந்தப் பகுதியைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும்.

அமெரிக்காவின் ஃபோகார்டி மையம் வறிய நாடுகளில் கைபேசி மருத்துவ ஆய்வுக்குப் பணம் கொடுத்துப் பேர் வாங்கியது. அதுவும் மாணவருக்கு நேராக வருவதில்லை, இரு நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து வாங்குவது. 2025இல் யுஎஸ்எய்ட் மூடப்பட்டு, அமெரிக்கச் சுகாதார ஆய்வுப் பணம் வெளிநாட்டுக்குப் போகும் விதிகளும் இறுகிய பிறகு, அதை மட்டும் நம்பி மூன்று வருடப் படிப்பைத் தொடங்கும்படி நான் சொல்ல மாட்டேன்.

வரவு செலவு எழுதும்போதுதான் ஆய்வின் தரம் தெரியும். டப்லெட்டுக்கும் செயலிக்கும் பாதிப் பணத்தை ஒதுக்கிய திட்டத்தைப் பார்த்தாலே எழுதியவர் தோட்டத்துக்குப் போகவில்லை என்று புரிந்துவிடும். பேட்டி கொடுக்க வருகிறவருடைய பேருக்கு ஈடு, பஸ் காசு, டிஸ்பென்சரி ஊழியர் கூடுதலாக வேலை செய்யும் நேரத்துக்குக் கொடுப்பனவு, டேட்டா காசு, தமிழ் சிங்கள மொழிபெயர்ப்பு, இவை முதலில் வர வேண்டும். போன நேரத்துக்கும் பயணத்துக்கும் ஈடு கொடுப்பதை ஒழுக்கவியல் குழு பொதுவாக மறுப்பதில்லை. ஆளை இழுக்கும் அளவுக்குப் பெரிய தொகை போட்டால்தான் கேள்வி கேட்கும். சம்மதப் படிவத்தைத் தமிழில் எழுதி, வேறொருவரைக் கொண்டு திரும்ப மொழிபெயர்த்துச் சரிபார்க்க வேண்டும். 'தொலைநிலை மருத்துவ ஆலோசனைச் சேவை' என்று எழுதினால் ரப்பர் பால் வெட்டுகிறவர் தலையாட்டிவிட்டுப் போவார். சம்மதம் என்று அதைச் சொல்ல முடியாது.

அனுமதி வாங்குவதும் சின்ன வேலை இல்லை. பல்கலைக்கழக ஒழுக்கவியல் குழுவுக்குப் பிறகு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், அதன்பின் தோட்டக் கம்பனி. கம்பனித் தோட்டங்களின் சுகாதார, நலன்புரி வேலைகளில் பெருந்தோட்ட மனித அபிவிருத்தி நிதியத்துக்கும் பங்கு இருப்பதால் அவர்களிடமும் பேச வேண்டும். தோட்டத் துரையின் கையெழுத்து இல்லாமல் லயத்துக்குள் போக முடியாது. கையெழுத்தோடு போனால் இவர் கம்பனி ஆள் என்று நினைப்பார்கள். டிஸ்பென்சரி தோட்ட அலுவலகத்தை ஒட்டியே இருந்தால், நோயாளர் மனம்விட்டுப் பேசுவாரா? பேட்டியைக் கோயிலடியிலோ வீட்டிலோ வைத்துக்கொள்வது நல்லது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலைத் தனிக் கவனத்துக்குரிய தரவு என்கிறது. புண்ணின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுகிற பழக்கத்துக்கு ஆய்வில் இடமில்லை.

சப்ரகமுவவுக்கே உரிய தலைப்புகள் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. நுவரெலியாவைப்போல் இங்கே தோட்டங்கள் தொடர்ச்சியாக இல்லை; சிங்களக் கிராமங்களுக்கு நடுவில் சிதறிக் கிடக்கின்றன. ஆஸ்பத்திரியில் தமிழ் பேசும் ஊழியர் குறைவாக இருக்க அதுவும் ஒரு காரணம். போனின் மறுமுனையில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தால் கிளினிக்கில் என்ன மாறுகிறது என்று மட்டும் ஒரு மாணவர் அளந்தாலே நல்ல ஆய்வாகிவிடும், செலவும் அதிகமில்லை. மழைக்காலத்தில் இரத்தினபுரியிலும் கேகாலையிலும் எலிக்காய்ச்சல் கூடும். காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே டிஸ்பென்சரியிலிருந்து வைத்தியருக்குத் தகவல் போனால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது எவ்வளவு முந்தும் என்பது இன்னொன்று. மழையில் வீதி அடைபடும் தோட்டங்களுக்கு இது இன்னும் அவசரம். 2016 மேயில் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண் சரிந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

பணம் தருகிறவர்கள் கடைசியில் கேட்பது, மானியம் முடிந்தபின் டேட்டா காசை யார் கட்டுவார் என்று. பதிலுக்கு வாக்குறுதி எழுதுவதைவிட, பணிப்பாளர் பணிமனையிலோ கம்பனியிலோ ஒரு கடிதம் வாங்கி இணைப்பது மேல். அந்தக் கடிதமும் ஒழுக்கவியல் அனுமதியும் வர மாதங்கள் ஆகும். ஆகவே விண்ணப்ப அறிவித்தல் வரும்வரை காத்திராமல் இரண்டையும் முதலில் தொடங்கிவிட வேண்டும்.