சுழற்காற்றும் நூற்பயிற்சியும்

கதைநூலொன்றைக் கையில் எடுப்பவன் அதன் ஆசிரியன் சொல்வதையெல்லாம் நம்பிக்கொண்டு செல்வதில் தவறில்லை. அக்கதையுலகத்தைப் படைத்தவன் அவனே. அங்கே மழை பெய்ததா இல்லையா என்பதை அவனன்றிப் பிறர் அறியார். அறிவுநூலின் இயல்பு வேறு. அதன் ஆசிரியன், தான் படையாத ஓர் உலகத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல வந்தவன். சாட்சியிடம் கேட்கவேண்டிய கேள்விகள் உண்டு. நீ கண்டது எது? அளந்தது எது? ஊகித்தது எது? இவற்றைக் கேளாமற் படிப்பவனுக்கு அறிவுநூலும் கதைநூலாகவே முடிந்துவிடும். அமெரிக்க ஐக்கிய நாட்டிலே சுழற்காற்றைப் பற்றி எழுதப்பெற்றவற்றின் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அங்கே பிழைபடப் படித்தவர்கள் பரீட்சையிற் சில புள்ளிகளை இழந்ததோடு தப்பவில்லை, உயிரிழந்தோரும் உளர்.

முதலில் சொல்லை நோக்குதல் வேண்டும். ஆங்கிலத்தில் 'ரொர்னேடோ' எனவும் 'சைக்கிளோன்' எனவும் வேறாக வழங்குபவை இரண்டும் தமிழ்ச் செய்தித்தாள்களிற் பலமுறை 'சூறாவளி' என்ற ஒரே பெயரைப் பெறுகின்றன. 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மட்டக்களப்பை அழித்தது கடலிலே பிறந்த சூறாவளி. அத்தகையது நூற்றுக்கணக்கான மைல் பரந்து, நாட்கணக்கில் நிலைத்திருப்பது. ரொர்னேடோ என்னும் சுழற்காற்றோ, இடிமுகிலின் அடியிலிருந்து நிலத்தைத் தொடுமாறு இறங்கும் காற்றுத்தூண். பெரும்பாலும் சில நூறு யார் அகலமே உடையது. பல சமயங்களிற் சில நிமிடங்களில் மறைந்துபோவது. 1989ஆம் ஆண்டு ஏப்ரில் 26ஆம் நாள் வங்காளதேசத்தில் ஏறத்தாழ 1,300 பேரைப் பலிகொண்டது இவ்வகைச் சுழற்காற்றே. அதனையும் 'சூறாவளி' என்று படிப்பவன், கடற்கரை ஊர்களைக் கடல் கொண்டதாக எண்ணிக்கொள்வான். உண்மையில் அழிந்தவை கடலுக்கு வெகு தொலைவிலுள்ள மாணிக்ககஞ்ச் மாவட்டத்துக் கிராமங்கள்.

சொல்லைக் காட்டிலும் எண்ணே வாசகனை எளிதில் மயக்கவல்லது. 1884ஆம் ஆண்டின் வசந்தகாலத்தில், அமெரிக்க இராணுவத்தின் சமிக்ஞைப் படையைச் சேர்ந்த ஜோன் பின்லி என்பார், சுழற்காற்று தோன்றுமா தோன்றாதா என நாட்டின் பல பகுதிகளுக்கும் முன்னறிவிப்புச் செய்துபார்த்தார். அந்நாளில் வானிலைப் பணி அப்படையின் பொறுப்பிலேயே இருந்தது. அவருடைய முன்னறிவிப்புக்கள் நூற்றுக்கு 96க்கு மேல் மெய்யாயின என்ற செய்தி வெளிவந்தது. படித்தோர் வியந்தனர். அவ்வாண்டிலேயே கில்பேட் என்ற புவியியலாய்வாளர் அக்கணக்கைப் பிரித்துப் பார்த்தார். மொத்தம் 2,803 முன்னறிவிப்புக்கள். அவற்றுள் 'சுழற்காற்று வரும்' என்று சொல்லப்பட்டவை 100 மட்டுமே, வந்தவை 28. 'வாராது' என்று சொல்லப்பட்ட இடங்களில் 23 முறை வந்துவிட்டது. எஞ்சிய 2,680உம் 'வாராது' என்று சொல்லி, வாராமற்போனவை. பெரும்புள்ளி வந்த வழி இதுவே.

நேயர்கள் இவ்விடத்தில் ஒரு கணம் நின்று கணக்கிட்டுப் பார்க்கலாம். வானத்தை ஏறெடுத்தும் பாராத ஒருவன், 2,803 முறையும் 'வாராது, வாராது' என்றே சொல்லியிருப்பின், அவன் 2,752 முறை சரியாகச் சொன்னவனாவான். அஃதாவது நூற்றுக்கு 98! பின்லியை வென்றுவிடுவான், ஆனால் ஓர் உயிரையேனும் காப்பாற்றியிரான். இதனாற் பின்லியின் மதிப்புக் குறைவதில்லை. பிறர் வாய்திறக்க அஞ்சிய காலத்திலே, அறிவித்த 100இல் 28 பலித்தமை பெரிய செயலேயாகும். அந்த 28ஐப் பேசாது 96ஐப் பேசியதே குறை. விழுக்காடு ஒன்றைக் கண்டவுடன் 'எதனுள் எத்தனை?' என்று கேட்கும் பழக்கம் பாடசாலைகளிற் கணித ஆசிரியரிடம் மட்டும் விடப்படுவது வருந்தத்தக்கது. அது மொழிப்பாடத்துக்கும் உரியது.

நூலில் உள்ளதைப் படிப்பது ஒருபுறமிருக்க, இல்லாததையும் கவனித்தல் வேண்டும். மக்கள் பீதியடைவர் என்று அஞ்சிய வானிலைத் திணைக்களம், 1938ஆம் ஆண்டு வரை பல பத்தாண்டுகளாக, 'ரொர்னேடோ' என்ற சொல்லைத் தன் முன்னறிவிப்புக்களிற் சேர்க்காதிருந்தது. 1925ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள், மிசூரி, இலினொய், இண்டியானா ஆகிய மூன்று மாநிலங்களூடாக 219 மைல் ஓடி, 695 பேரைக் கொன்ற சுழற்காற்று அந்த மௌனக் காலத்தில் வந்ததே. அன்று காலை அறிவித்தலைப் படித்தவர்களுக்கு அச்சொல் எங்கும் கிட்டியிராது.

இனி, அறிவுரைகளைப் பார்ப்போர்க்கு வேறொரு சிக்கல் உண்டு. சுழற்காற்று வரும்போது நிலவறையின் மேற்குப் புறத்தில், சிறப்பாகத் தென்மேற்கு மூலையில் ஒதுங்குக என்னும் கருத்து பின்லியின் காலத்திலிருந்து நூல்களில் இடம்பெற்று வந்தது. காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வருவது. ஆகவே சிதைவுகள் வடகிழக்கே வீசப்படும் என்பது காரணம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. நூலைப் பார்த்து நூல் எழுதினர். ஆனால் எவரும் இடிந்த வீடுகளுக்குள் இறங்கிச் சென்று முறைப்படி எண்ணிப் பார்க்கவில்லை. 1966ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கன்சாஸ் மாநிலத்து ரொப்பீகா நகரைச் சுழற்காற்று தாக்கிய பின்னர், ஈகிள்மன் என்ற பேராசிரியர் அவ்வேலையைச் செய்தார். ஆபத்துக் குறைந்தது என்று பல்லாண்டு போற்றப்பட்ட தென்மேற்குப் பகுதியே ஆபத்து மிகுந்த பகுதியென்பது அப்பொழுது புலனாயிற்று. பத்து நூல்கள் ஒன்றையே கூறினாற் பத்துச் சாட்சிகள் உளவென்று கொள்ளலாகாது. ஒன்பது நூல்கள் பத்தாவதைப் பார்த்து எழுதப்பட்டவையாயிற் சாட்சி ஒன்றே. யன்னல்களைத் திறந்துவைத்தால் வீட்டின் உள்ளும் புறமும் அமுக்கம் சமப்பட்டு வீடு வெடியாது தப்பும் என்ற அறிவுரையும் இத்தகையதே. உட்புகும் காற்றுக் கூரையைத் தூக்குவதற்கே அது துணைபோயிற்று.

எழுத்துக்குச் சொன்னது படத்துக்கும் பொருந்தும். 1991ஆம் ஆண்டு ஏப்ரில் 26ஆம் நாள், கன்சாஸ் நெடுஞ்சாலையொன்றில் தொலைக்காட்சிக் குழுவினர் மேம்பாலமொன்றின் அடியில் ஒதுங்கி, கடந்துசென்ற சுழற்காற்றைப் படம்பிடித்து உயிர்தப்பினர். படம் எங்கும் காட்டப்பட்டது. அதிற் பொய் ஒன்றுமில்லை. அது வலிமை குறைந்த காற்று என்பதும், அவர்களை நேரே தாக்கவில்லை என்பதும் மட்டும் படத்திலே தெரியா. மேம்பாலத்தின் அடி தக்க புகலிடம் என்று பலர் முடிவுசெய்துகொண்டனர். 1999ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் ஒக்லகோமா மாநிலத்தில் கடுஞ்சுழற்காற்று வீசியபொழுது, மேம்பாலங்களின் அடியில் ஒதுங்கியோருள் மூவர் மாண்டனர். வேறு பலர் படுகாயமுற்றனர். ஒடுங்கிய வழியிலே காற்று மேலும் விரைவுறும். அதனோடு பறந்துவரும் பலகையும் இரும்பும் அங்கிருப்போரைத் தாக்கும்.

இவற்றையெல்லாம் கற்ற மாணவன்கூடத் தடுமாறத்தக்க ஓர் இடம் உண்டு. சுழற்காற்றின் வலிமையைக் குறிக்க, பேராசிரியர் புஜீற்றா 1971ஆம் ஆண்டில் 0 முதல் 5 வரை தரங்களை வகுத்தார். 2007ஆம் ஆண்டு முதல் அவற்றின் திருத்திய வடிவம் அமெரிக்காவில் வழங்குகின்றது. ஒவ்வொரு தரத்துக்கும் எதிரே காற்றின் வேகம் குறிக்கப்பட்டிருப்பதாற் பலரும் அதனை அளந்தறிந்த வேகமென்று கொள்கின்றனர். அஃது அளவையன்று. வீடும் மரமும் பட்ட சேதத்தை நோக்கி, இன்ன வேகம் இருந்திருக்கலாம் என்று பின்னர் மதிப்பிடுவதே முறை. 2013ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் ஒக்லகோமாவின் எல் ரீனோ என்னும் ஊரருகே 2.6 மைல் அகலமான சுழற்காற்றொன்று எழுந்தது. ராடார்க் கருவிகள் மணிக்கு ஏறக்குறைய 300 மைல் வேகத்தை அதிற் கண்டன. ஆயினும் ஏட்டிலே அதற்குத் தரப்பட்டது 3ஆம் தரமே. இரண்டில் ஒன்று பிழை என்று மாணவன் எண்ணக்கூடும். அது பெரும்பாலும் ஊர்களை விட்டு வயல்வெளியிலே சென்றது. 3 என்பது நிலத்திற் கண்ட சேதத்தைச் சொல்கின்றது, 300 என்பது காற்றின் வேகத்தைச் சொல்கின்றது.