பால்கோவாவின் வாசம் எங்கே பிறக்கிறது?

சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதில் சேர்வது பாலும் சர்க்கரையும்தான். சர்க்கரைக்கு வாசமே கிடையாது. கறந்த பாலிலும் அந்த மணம் இல்லை. அப்படியானால் அது எங்கிருந்து வருகிறது?

அடுப்பிலிருந்து. பாலில் 100க்கு 87 பங்கு தண்ணீர். கொதி வந்ததும் முதலில் எழுவது புரதத்திலிருந்து கிளம்பும் கந்தக வாடை. கிளறக் கிளற அதில் பெரும்பகுதி ஆவியோடு போய்விடும். தண்ணீர் சுண்டியதும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையும் புரதமும் நெருங்கி வினைபுரியும். 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் மய்யார் விவரித்த வினை இது. பழுப்பு நிறமும், மால்டால் போன்ற இனிய மணப்பொருள்களும் இதில் உண்டாகின்றன. நாம் கொட்டும் வெள்ளைச் சர்க்கரைக்கு இதில் நேரடிப் பங்கு இல்லை. பால் கொழுப்போ சூட்டில் லாக்டோன்களைத் தருகிறது. அவற்றில் தேங்காய் வாசத்தின் சாயல் இருக்கும்.

இவற்றைப் பிரித்தறிய வாயு நிறப்பிரிகைக் கருவி உதவுகிறது. மூடிய கண்ணாடிக் குப்பியில் பால்கோவாவை லேசாகச் சூடாக்கினால், மேலே நிற்கும் காற்றில் மணப்பொருள்கள் சேரும். அவற்றை ஹீலியம் வாயு ஒரு குழாய்க்குள் தள்ளிச் செல்லும். குழாயின் நீளம் சுமார் 30 மீட்டர். உள்துளையோ கால் மில்லிமீட்டர். சீக்கிரம் ஆவியாகிறவை முன்னால் வெளியேறும். குழாயின் உட்பூச்சில் ஒட்டித் தங்குகிறவை பின்னால் வரும். குழாயை அடுத்து இருக்கும் நிறை நிறமாலைமானி என்ற கருவி அவற்றை உடைத்து, துண்டுகளின் எடையை வைத்து அடையாளம் சொல்லும்.

ஆனால் கருவி வரையும் வரைபடத்தில் உயரமாக நிற்பதெல்லாம் வலுவாக மணப்பதில்லை. அதனால் குழாயின் முனையில் ஓர் ஆளும் உட்கார்ந்து முகர்வார். கோடு அசையாத இடத்தில்கூட அவர் மூக்கு “இதோ, கருக்கிய சர்க்கரை” என்று கண்டுபிடித்துவிடும்.

இதை வனிலாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பதப்படுத்திய வனிலாக் காயில் 200க்கு மேற்பட்ட மணப்பொருள்கள் உண்டு. ஆனால் அங்கே வனிலின் என்ற ஒன்றே ஓங்கி நிற்கும். 1874லேயே அதை ஆய்வகத்தில் செய்துவிட்டார்கள். இன்று ஐஸ்கிரீமுக்கு அந்த ஒன்றே போதுமானதாக இருக்கிறது. பால்கோவாவில் அப்படி ஒரு தலைவன் இல்லை. பல பொருள்கள் சரியான அளவில் சேர்ந்தால்தான் அந்த மணம். சீக்கிரம் இறக்கினால் பால் வாடை, தாமதித்தால் கருகல்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் வாயில் போடாதீர்கள். குளிரில் மணப்பொருள்கள் எளிதில் ஆவியாகா. சற்று நேரம் வெளியே வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள்.